சண்டை மீனுக்கு ஒரு குடம் தண்ணீர்

குமாரபாளையத்தில் பொழுது விடிவதைக் கோழி கூவி அறிவிப்பதில்லை. தறிச் சத்தம் அறிவிக்கிறது. ஒரு பக்கம் விசைத்தறிகள், இன்னொரு பக்கம் சாயப்பட்டறைகள், மேற்கே காவிரி, பாலத்தைத் தாண்டினால் பவானி. உழைப்பு ஓயாத இந்த ஊரிலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, வீட்டின் முன்னறையில் ஓர் அழகுப் பொருள் வந்து குடியேறியிருக்கிறது. டெலிவிஷனுக்குப் பக்கத்தில், அல்லது ஷோகேஸ் தட்டில், உருண்டையான ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் நாலு கலர் கல், ஒரு பிளாஸ்டிக் செடி, நடுவே பட்டுப் புடவையின் முந்தானையைப் போலத் துடுப்பை விரித்துக்கொண்டு ஒரே ஒரு மீன்.

கடையில் இதை "ஃபைட்டர்" என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் "பெட்டா" என்பார்கள். தமிழில் சண்டை மீன் என்றால் போதும்.

இந்த மீனை வாங்க வருகிறவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு மோட்டார் வைக்க வேண்டுமா?" கடைக்காரரின் பதிலும் ஒன்றுதான்: "ஒன்றும் வேண்டாம். சும்மா பாட்டிலிலேயே இருக்கும்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மிச்சமுள்ள பாதி, இரண்டு மூன்று மாதம் கழித்துக் குடுவையின் அடியில் அசையாமல் கிடக்கும். "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்று வீட்டார் தங்களைச் சமாதானம் செய்துகொள்வார்கள். சண்டை மீனின் ஆயுசு அவ்வளவு குறைவல்ல. சரியாக வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கக்கூடிய ஜீவன் அது.

காற்றை விழுங்கும் மீன்

சண்டை மீனுக்குச் சொந்த ஊர் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. அங்கே நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும், செடி கொடி அடர்ந்த, ஓட்டமில்லாத ஆழமற்ற தண்ணீரில் இது வாழ்கிறது. அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாக இதைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டி வந்தார்கள். மனிதன் இதை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 2022ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. 2019 பிப்ரவரியில் தாய்லாந்து அரசாங்கம் இதையே தங்கள் நாட்டின் தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவித்தது.

வயலில் வாழும் மீனுக்கும் கடையில் இருக்கும் மீனுக்கும் தோற்றத்தில் வெகு தூரம். காட்டு மீன் மங்கலான நிறம், துடுப்பு சிறியது. கடை மீனின் நீண்ட துடுப்பும் கண்ணைப் பறிக்கும் வர்ணமும் தலைமுறை தலைமுறையாக மனிதன் பொறுக்கி வளர்த்ததால் வந்தவை. அந்த அழகுக்கு மீன் கொடுக்கும் விலையும் உண்டு. எட்டு முழ வேஷ்டியைக் கட்டிக்கொண்டு நீந்துகிறவனைப் போல, நீண்ட துடுப்புள்ள மீன் நீந்துவதற்குச் சிரமப்படுகிறது.

மோட்டார் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்வதற்குக் காரணம், இதன் தலைக்குள் செவுளுக்கு மேலே இருக்கும் ஓர் உறுப்பு. மடிப்பு மடிப்பாக அமைந்த அந்த உறுப்பின் உதவியால் இது தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை நேராகவே விழுங்கிச் சுவாசிக்கிறது. ஆகவே மற்ற மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும் தண்ணீரிலும் இது உயிரோடிருக்கும்.

இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. குமாரபாளையத்தைத் தாண்டும் இதே காவிரி கடலைச் சேரும் கரைப்பகுதியில் தரங்கம்பாடி இருக்கிறது. அந்த ஊர் டேனிஷ்காரர்களின் வசம் இருந்த 1791ம் ஆண்டில், டால்டார்ஃப் என்ற லெப்டினண்ட், ஒரு மீன் பனை மரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதி வைத்தார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797ல் பிரசுரித்தது. மீன் உண்மையாகவே மரம் ஏறியதா என்று பிற்காலத்து நிபுணர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் ஊர்ந்து போகும் என்பதிலும், காற்றைச் சுவாசித்துத் தண்ணீருக்கு வெளியே வெகு நேரம் உயிரோடிருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. சண்டை மீன் அந்தப் பனையேறிக்குத் தூரத்து உறவு. இருவருக்கும் உள்ள மூச்சு உறுப்பு ஒரே வகையைச் சேர்ந்தது.

பனையேறி கரையில் கிடந்தும் பிழைக்கிறது என்பதற்காக அதன் வீடு கரை என்று யாரும் சொல்வதில்லை. சண்டை மீன் விஷயத்தில் மட்டும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒண்ணேகால் லிட்டர்

கடையில் சாதாரணமாக விற்கும் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் குடுவையை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினாலும் அது ஒண்ணேமுக்கால் லிட்டர்தான் கொள்ளும். யாரும் அப்படி நிரப்புவதில்லை. உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றினால் சுமார் ஒண்ணேகால் லிட்டர். கல்லையும் பொம்மையையும் போட்ட பிறகு மீனுக்கு மிஞ்சுவது ஒரு சொம்புத் தண்ணீர்.

அந்தச் சொம்புத் தண்ணீரில்தான் மீன் உண்ண வேண்டும்; அதிலேயே கழிக்கவும் வேண்டும். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். காற்றை விழுங்கும் உறுப்பு மூச்சுக்குத்தான் உதவும், விஷத்துக்கு உதவாது. செவுள் வெந்து, துடுப்பு ஓரம் கருகி, மீன் மெல்ல மெல்லச் சோர்கிறது. மற்ற மீனாக இருந்தால் இரண்டாம் நாளே மிதந்து, குடுவை தவறு என்று வீட்டாருக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். சண்டை மீன் அதைக் காட்டிக் கொடுப்பதில்லை. மூச்சு விடுகிறதே, சுகமாகத்தான் இருக்கிறது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மீனுக்கு வாய்த்த வரமே அதற்குச் சாபமாக முடிவது இப்படித்தான்.

நாமக்கல், சேலம் வட்டாரத்தில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. இங்கே கிணற்று நீரும் போர்வெல் நீரும் பல இடங்களில் கடினமானவை, காரத்தன்மை உள்ளவை. காரம் கூடக்கூட அம்மோனியாவின் வேகம் கூடும். பி.எச். அளவு 7லிருந்து 8க்கு ஏறினால் அதன் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. உஷ்ணமும் அதைக் கூட்டும். சித்திரை, வைகாசியில் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஜன்னலோரம் வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் நடுப்பகலில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சண்டை மீனுக்குச் சௌகரியமான உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி. மார்கழி இரவில் இதற்கு நேர்மாறான கஷ்டம். பெரிய தொட்டி மெதுவாகச் சுட்டு மெதுவாக ஆறும். சிறு குடுவை அறையின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடவே ஆடும்.

அலங்காரப் பூச்சாடியில் செடியை நட்டு, வேருக்குக் கீழே சண்டை மீனை விடும் மோகம் அமெரிக்காவில் ஒரு சமயம் பரவியது. இங்கேயும் மணி பிளான்ட் பாட்டிலில் மீனை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் வேரைத் தின்று வாழும், வேர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பது விற்பவர்களின் வியாக்கியானம். சண்டை மீன் சைவம் அல்ல. கொசுப்புழுவும் சிறு பூச்சியும்தான் அதன் ஆகாரம். வேர் அதற்குப் பட்டினிச் சோறு. வேர் அடர்ந்து மேல்மட்டத்தை மூடிவிட்டாலோ, மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லாமல் மீன் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் சாகும். கழுத்து குறுகிய உயரமான ஜாடிக்கும் இதே குற்றம் உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் மாடி ஏறி இறங்க வேண்டிய வீடு அது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு மீனுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்த நாட்டுச் சட்டம் சிரிக்கவில்லை. சென்னையின் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்தபோது பிராணிகளுக்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய அந்த முயற்சியே 1960ம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தில் வந்து முடிந்தது. மனிதன் அல்லாத எந்த உயிரும் பிராணிதான் என்கிறது அச்சட்டம். மீனுக்கு அதில் விலக்கு இல்லை. நியாயமான அளவு அசைவதற்கு வேண்டிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டிலோ வேறு கொள்கலத்திலோ ஒரு பிராணியை அடைத்து வைப்பது குற்றம் என்று 11வது பிரிவு கூறுகிறது. வேடிக்கைக்காக இரண்டு பிராணிகளைச் சண்டைக்கு விடுவதும் அதே பிரிவில் குற்றம். இரண்டு ஆண் மீன்களை ஒரே பாட்டிலில் விட்டு வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிந்த பெரியவர்களும் சொல்வதில்லை.

சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. நியாயமான அளவு என்பது மீனுக்கு எத்தனை லிட்டர் என்று அதில் எழுதவில்லை. முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல். 1960ல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்று அது மீன் தீனி டப்பாவின் விலை.

2017 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் மீன்காட்சிச் சாலைகளுக்கும் மீன்தொட்டிக் கடைகளுக்கும் விரிவான விதிகளை வெளியிட்டது. கடல் மீன்களில் 158 இனங்களுக்குத் தடை, கடைக்குப் பதிவு, நிபுணர் ஒருவர் என்று ஒரே வீச்சில் பல நிபந்தனைகள். மீன் வளர்ப்போரும் வியாபாரிகளும் பலமாக எதிர்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விதிகள் வாபஸ் ஆயின. வியாபாரிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. சென்னை கொளத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் வண்ண மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குச் சோறு போடும் குடிசைத் தொழில். 2020ல் தொடங்கிய பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டமும் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்ப்பதற்கு மானியம் தந்தது. ஒரு கையால் மானியம் கொடுத்து மறு கையால் முடக்குவது நல்ல நிர்வாகமல்ல. என்றாலும், அந்தக் கூச்சலில் ஒரு சின்னக் கேள்வி அடிபட்டுப் போயிற்று. மீனை வாங்கிக்கொண்டு போகிறவர் அதை எதில் விடுவார்?

அயல்நாடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் மோன்சா நகரம் 2004லும், ரோமாபுரி 2005லும் தங்க மீனை உருண்டைக் குடுவையில் வைக்கத் தடை விதித்தன. பிரான்சில் சட்டம் வருமுன்பே, ஆக்ரோபயோதர்ஸ் என்ற பெரிய கம்பெனி 15 லிட்டருக்குக் குறைந்த தொட்டிகளை விற்பதை 2022ல் நிறுத்திக்கொண்டது. குடுவை விற்று லாபம் பார்த்தவர்களே அதைக் கைவிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

"கொளத்தூரில் பண்ணைக்காரர்களே பாட்டிலில்தானே வைக்கிறார்கள்?" என்று இங்கே கேட்கப்படும். வைக்கிறார்கள்தான். ஆண் மீன்கள் வளர்ந்து ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கியதும் தனித்தனியே பிரிக்காமல் முடியாது. ஆனால் பண்ணைக்காரருக்குத் தண்ணீர் மாற்றுவதே அன்றாட வேலை. மீனும் சில வாரங்களில் விலை போய்விடும். ரயில் பெட்டியில் உட்கார்ந்தபடியே ஓர் இரவைக் கழிக்கிறோம் என்பதற்காக, ஆயுள் முழுவதும் அங்கேயே குடியிருக்கச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்?

வளர்க்க ஆசைப்பட்டால்

சண்டை மீனை வளர்க்கவே கூடாது என்பதல்ல. சிறிய வீட்டில், சிறிய மேஜையில், ஒற்றை மீனாக அழகாக வளர்க்க இதைவிட ஏற்றது வேறில்லை. அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மேல்நாட்டு நிபுணர்கள் பலர் 20 லிட்டர் வேண்டும் என்கிறார்கள். அது நல்லதுதான். முடியாதவர்கள் நம் வீட்டு அளவையே வைத்துக்கொள்ளலாம்: ஒரு மீனுக்கு ஒரு குடம் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அரைக் குடத்துக்குக் கீழே இறங்கினால் அது வளர்ப்பு ஆகாது.

உயரத்தைவிட நீளம் முக்கியம். கண்ணாடித் தொட்டிதான் வேண்டுமென்பதில்லை. அகன்ற மண் தொட்டியும், வாய் அகன்ற பெரிய ஜாடியும் போதும். உருண்டைப் பாத்திரமானால் அதன் வயிறு அகலமாக இருக்கும் இடம் வரைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் காற்றுப் படும் பரப்பு சுருங்கிவிடும். மேலே வலையோ துளையிட்ட மூடியோ அவசியம். சண்டை மீன் துள்ளும்; காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். காற்றுப் புகாத மூடி போட்டாலும் ஆபத்துதான். தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே நாலு விரல் இடம் விட வேண்டும்.

நகரசபைக் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அதை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துப் பிறகு ஊற்றலாம். அவசரத்துக்கு மீன் கடையில் ஆன்டி குளோரின் மருந்து கிடைக்கிறது. சாயப்பட்டறைக்குப் பக்கத்துக் கிணற்று நீரைத் தொடவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர் சுத்தமானது என்று அதை மட்டும் ஊற்றுவதும் சரியல்ல. உப்புச் சத்தெல்லாம் வடித்தெடுத்த தண்ணீர் அது.

பலரும் செய்யும் பெரிய தவறு ஒன்று. வாரம் ஒரு முறை மீனை டம்ளரில் பிடித்து வைத்து, குடுவையை சோப்புப் போட்டுத் தேய்த்து, கல்லையும் அலசி, முழுத் தண்ணீரையும் மாற்றுகிறார்கள். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அம்மோனியாவைத் தின்று வேறு பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் சுவரிலும்தான் வளர்கின்றன. அவை நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றையும் சேர்த்துக் கழுவிக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு வாரமும் மீனைப் புது விஷத்துக்கு ஆளாக்குகிறோம். வடிகட்டி இல்லாத தொட்டியில் வாரம் இரண்டு முறை, கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து எடுத்து, அதே உஷ்ணமுள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். மெல்ல ஓடும் ஸ்பாஞ்ச் வடிகட்டி வைக்க முடிந்தால் இன்னும் விசேஷம். சோப்பு எப்போதும் கூடாது.

அலங்காரப் பொருளைச் சோதிக்கக் குமாரபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிளாஸ்டிக் செடியின் மேல் மெல்லிய துணியை இழுத்துப் பார்க்கட்டும். இழை சிக்கினால் மீனின் துடுப்பும் கிழியும். கலர் கல்லை வெந்நீரில் ஓர் இரவு ஊற வைத்துப் பார்க்கட்டும். சாயம் இறங்கினால் அது மீனுக்கு ஆகாது. தறி ஓடும் சுவரை ஒட்டியும் தொட்டியை வைக்கக் கூடாது. மீனின் விலாவில் அதிர்வை உணரும் கோடு ஒன்று ஓடுகிறது. நாள் முழுவதும் அதிரும் பலகை அதற்கு நிம்மதி தராது. இரண்டு ஆண் மீன்கள் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் இருந்தால் நடுவே ஓர் அட்டையைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் எதிரி போகவே மாட்டேன் என்கிறானே என்று இரண்டும் செவுளை விரித்து விரித்துக் களைத்துப் போகும்.

தீனி காலை மாலை இரண்டு மூன்று குருணை. அதற்கு மேல் போட்டால் அது தண்ணீருக்குத்தான் தீனி. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதலில்லை. பள்ளிக்கூடத்து வளாகங்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுவது பண்ணைக்காரர்களின் பழக்கம். தண்ணீர் தேநீர் நிறமாகும், காரம் சற்றுத் தணியும்.

மீன் சுகமாக இருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஆண் மீன் தண்ணீரின் மேலே எச்சிலால் நுரைக் கூடு கட்டும். முட்டைகளைப் பெண் மீன் இட்டாலும், அவற்றை வாயால் பொறுக்கி அந்தக் கூட்டில் சேர்த்துக் காவல் இருப்பது ஆண்தான். துணை இல்லாமலே கூடு கட்டும் ஆண்களும் உண்டு. அதை அழுக்கு என்று நினைத்து வழித்து எறிந்துவிடுகிறவர்கள் பலர்.

இவ்வளவும் தெரிந்த கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் கப்பின் மேல் மீனின் விலையை எழுதுகிறவர்கள், அதற்குப் பக்கத்திலேயே "15 லிட்டர்" என்றும் எழுத ஒரு நிமிஷம் ஆகாது. அதனால் குடுவை வியாபாரம் கொஞ்சம் குறையலாம். தொட்டி வியாபாரம் கூடும். மீன் இரண்டு ஆண்டு பிழைத்தால் தீனிக்கும் அதே கடைக்குத்தான் வருவார்கள்.

கடைசியாக, ஆடிப் பதினெட்டுக்கோ பொங்கலுக்கோ வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாள் தீனி இல்லாவிட்டால் சண்டை மீனுக்கு ஒன்றும் ஆகாது. புறப்படும் அவசரத்தில் மூன்று நாள் தீனியையும் ஒரே கையாகக் கொட்டிவிட்டுப் போனால்தான், திரும்பி வரும்போது அது இருக்காது.